வீட்டுக்கு வரும் ‘நர்ஸ்’... உண்மையில் யார்?

உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நிற்கிறாரே செக்யூரிட்டி, அவரை அனுப்பிய ஏஜென்ஸிக்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். தெரியுமா? 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு ஏஜென்ஸிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆளின் முன்கதையை விசாரித்துத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். பயிற்சி தர வேண்டும். எவ்வளவு பயிற்சி? மத்திய அரசின் மாதிரி விதிகள்படி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி!

சரி, இப்போது அதே கேட்டைத் தாண்டி உள்ளே வாருங்கள். லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடி. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறார் ஒரு பெண். ‘ஹோம் நர்ஸ்’ என்று சொல்லி ஏஜென்ஸி அனுப்பியவர். சர்க்கரை பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, குளிப்பாட்டுவது, ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொள்வது எல்லாமே அவர்தான். வீட்டுக்காரர்கள் ஆபீஸ் போய்விட்டால் காலை ஒன்பது முதல் மாலை ஆறரை வரை அந்த உயிருக்கு அவர்தான் பொறுப்பு.

இவர் எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்? எந்த விதியும் கிடையாது. ஏஜென்ஸி? ஒரு ரூம், ஒரு செல்போன், ஒரு போர்டு இருந்தால் போதும். இதற்கென்று தனி லைசென்ஸ் எதுவும் வாங்காமலே தொழில் தொடங்கிவிடலாம்.

வாசலில் நிற்பவருக்கு 160 மணி நேரம். படுக்கை அருகில் உட்கார்ந்திருப்பவருக்கு பூஜ்யம்!

இந்த விஷயத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கின்றன. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எப்படி நடக்கிறது பாருங்கள். அப்பாவுக்குப் பக்கவாதம். பத்து நாள் ஆஸ்பத்திரி. ஐ.சி.யு. பில் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில், “இனிமே இங்கே செய்யறதுக்கு ஒண்ணுமில்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பார்த்துக்குங்க” என்கிறார் டாக்டர். மூக்கில் ரைல்ஸ் டியூப், கீழே யூரின் பேக், கையில் நாலு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. வீட்டில் இருப்பதோ முட்டி வலியுள்ள அம்மா, வேலைக்குப் போகும் மகன், மருமகள், பப்ளிக் எக்ஸாம் எழுதப்போகும் பேரன். ‘யார்டா பார்த்துக்கிறது?’ என்று முழிக்கிற நேரத்தில், வார்டில் யாரோ ஒருவர் ஒரு போன் நம்பரைக் கொடுக்கிறார்.

போன் செய்தால் ஏஜென்ஸி கேட்கிற கேள்விகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஆணா, பெண்ணா? பேஷன்ட் வெயிட் எவ்வளவு? பன்னிரண்டு மணி நேர டியூட்டியா, இருபத்து நாலு மணி நேரமா? சாப்பாடு நீங்கள் கொடுத்துவிடுவீர்களா? அட்வான்ஸ் எப்போது? அவ்வளவுதான். நோயைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிற ஏஜென்ஸி கிடைத்தால் அதிர்ஷ்டம். நாமும் பதற்றத்தில் ‘எத்தனை மணிக்கு ஆள் வரும்?’ என்பதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். இந்திய சராசரியைவிட இது அதிகம். பிள்ளைகள் பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கிறார்கள். ஆக, இது ஏதோ நாலு பணக்கார வீட்டுப் பிரச்னை இல்லை.

யார் நர்ஸ், யார் இல்லை?

முதலில் வார்த்தையைச் சரிசெய்துகொள்வோம். நர்ஸ் என்பது ஒரு படிப்பு. ஏ.என்.எம். என்றால் இரண்டு வருஷம். ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று வருஷம். பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருஷம். படித்து முடித்தவர் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும். 1926-ம் வருஷத்துச் சட்டம் அது. வெள்ளைக்காரன் காலத்திலேயே போட்டாயிற்று!

வீட்டுக்கு ‘நர்ஸ்’ என்று வருபவர்களில் பலர் இந்த வகையில் வருவதில்லை. அவர்கள் அட்டெண்டர்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்கள். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. பல வீடுகளில் பெற்ற பிள்ளை செய்யத் தயங்கும் வேலையை முகம் சுளிக்காமல் செய்கிறவர்கள் இவர்கள்தான். இதற்கும் முறையான பயிற்சிகள் இருக்கின்றன. ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’, ‘ஹோம் ஹெல்த் எய்டு’ என்ற பெயர்களில் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சான்றிதழ் தருகிறார்கள். மத்திய அரசும் முதியோர் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. சிக்கல் என்னவென்றால், இந்தச் சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த ஏஜென்ஸியையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. நேற்றுவரை எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பெண், இன்று வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ‘சிஸ்டர்’ ஆகிவிட முடியும்.

‘பாசமாப் பார்த்துக்கிட்டா போதாதா, சர்டிஃபிகேட் எதுக்கு?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பாசம் வேண்டும். ஆனால் சில இடங்களில் பாசம் மட்டும் உதவாது.

ரைல்ஸ் டியூபையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு ரொம்ப சுலபம். சிரிஞ்சில் கஞ்சியை ஊற்றினால் போய்விடுகிறது. ஆனால் அதற்கு முன் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைத்து, ஊட்டி முடித்த பிறகும் குறைந்தது அரைமணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். படுத்த வாக்கில் ஊற்றினால் கஞ்சி எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் போகும். இரண்டு நாளில் ஜுரம், மூச்சுத் திணறல், நிமோனியா. ‘வயசானவர், சளி கட்டிக்கிச்சு’ என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

மாத்திரைகளை இடித்துக் கரைத்துக் குழாயில் விடுவார்கள். எல்லா மாத்திரையையும் அப்படி இடிக்கக் கூடாது! நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை வெளிவிடும் வகை மாத்திரைகளை இடித்தால், மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். பிரஷர் மாத்திரையாக இருந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

இன்சுலின் அடுத்தது. காலையில் பாட்டி டிபன் சாப்பிட மறுக்கிறார். வழக்கமான டோஸை வழக்கம்போலப் போட்டுவிட்டால் பதினோரு மணிக்கு வேர்த்து, குழறி, மயங்கிவிடுவார். சர்க்கரை 70-க்குக் கீழே போவது தாழ்நிலை. அதை ‘தூங்குறாங்க’ என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

படுக்கைப்புண் விஷயத்தில் அட்டெண்டரின் கைவண்ணம் பளிச்சென்று தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும் பார்த்துப் பார்த்து. பிட்டத்துக்கு மேலே, இடுப்பு எலும்பின் ஓரம், குதிகால் இந்த மூன்று இடங்களிலும் தினம் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்காமல் சிவப்பாகவே இருக்கிறதா? புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தெரிந்தவர் அந்த நிலையிலேயே பிடித்துவிடுவார். தெரியாதவர், டயாபர் மாற்றும்போது பவுடரைக் கொட்டி மறைத்துவிடுவார். பக்கவாதத்தில் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைப்பதும் அப்படித்தான். தோள்மூட்டு நழுவிப் போகும். யூரின் பேக்கை இடுப்புக்கு மேலே தூக்கிக் கட்டிலில் வைத்தால் மூத்திரம் திரும்பிப் போய் இன்ஃபெக்‌ஷன்.

இவை எதுவும் பெரிய மருத்துவப் படிப்பு இல்லை. ஒரு வாரம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும். சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஆஸ்பத்திரி, கிளினிக், லேப் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் 1997-ல் சட்டம் போட்டார்கள். அதற்கான விதிகள் வந்தது 2018-ல். இடையில் இருபத்தோரு வருஷம்... அது ஒரு தனிக்கதை! அந்தச் சட்டம் சுவரும் கட்டிலும் உள்ள இடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. நோயாளியின் வீட்டு பெட்ரூமே வார்டாக மாறும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் கவனமெல்லாம் பெற்றவர்களைக் கைவிடும் பிள்ளைகள் மீது. பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் ஏஜென்ஸி அதில் இல்லை.

ஒரே ஒரு தடவை கதவு கொஞ்சம் திறந்தது. 2007 சட்டத்தைத் திருத்த 2019 டிசம்பரில் மத்திய அரசு மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தது. முதியோர் இல்லங்களோடு சேர்த்து, வீட்டுக்கே வந்து பராமரிப்புத் தரும் ஏஜென்ஸிகளையும் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சங்களில் ஒன்று. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் முதியோருக்கென்று ஒரு அதிகாரி என்ற யோசனையும் இருந்தது. நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். 2021 ஜனவரியில் அது அறிக்கை கொடுத்தது. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. 2024 ஜூனில் 17-வது மக்களவை கலைந்தபோது, நிறைவேறாத மற்ற மசோதாக்களோடு அதுவும் காலாவதி ஆனது. நாலரை வருஷம் தூங்கிய மசோதா. அதற்குப் படுக்கைப்புண் வராததுதான் ஆச்சரியம்!

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டால், உங்கள் மகனோ மகளோ அமெரிக்காவில் இருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே மெடிகேர் பணம் கொடுக்கும் வீட்டு உதவியாளர் குறைந்தது 75 மணி நேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் செய்முறைப் பயிற்சி. வருஷா வருஷம் 12 மணி நேரம் புதுப்பித்தல் வேறு. ஜப்பானில் அடிப்படைப் பயிற்சியே 130 மணி நேரம். அங்கே 2000-ம் ஆண்டிலிருந்து முதியோர் பராமரிப்புக்கென்றே கட்டாய இன்ஷூரன்ஸ் இருக்கிறது. நாற்பது வயதிலிருந்தே எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள். இங்கிலாந்தில் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற பராமரிப்பை வீட்டில் வந்து தரும் ஏஜென்ஸி, கேர் குவாலிட்டி கமிஷன் என்ற அரசு அமைப்பில் பதிவு செய்தே ஆக வேண்டும். அவர்கள் வந்து சோதனை போட்டு ரேங்க் கொடுக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அங்கேயும் ஆள் பற்றாக்குறை உண்டு, புகார்கள் உண்டு. சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அமெரிக்க விதியில் ஒரு அம்சம் என்னை ரொம்பக் கவர்ந்தது. நர்ஸிங் சிகிச்சை தேவைப்படும் நோயாளியை உதவியாளர் பார்த்துக்கொண்டால், பதிவு பெற்ற நர்ஸோ தெரபிஸ்ட்டோ 14 நாளுக்கு ஒருமுறை நேரில் போய் வேலையைச் சரிபார்க்க வேண்டும். நம் ஊர் நிலைமைக்கு, பயிற்சி மணிக்கணக்கைவிட இதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. ஆயிரக்கணக்கான அட்டெண்டர்களை ஒரே நாளில் நர்ஸ் ஆக்க முடியாது. ஒரு நிஜ நர்ஸ் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாலே பாதி விபரீதம் குறையும்.

அதுவரை என்ன செய்வது?

சட்டம் வரும் என்று அப்பா காத்திருக்க முடியாதே! ஏஜென்ஸியிடம் வாய் வார்த்தையாகப் பேசாமல் எழுதி வாங்குங்கள். நாம் கேட்காமல் அவர்கள் கொடுக்க மாட்டார்கள். ‘நர்ஸ்’ என்று சொல்லி நர்ஸ் ரேட் வாங்கினால், கவுன்சில் பதிவு நம்பர் கேளுங்கள். தயங்கினால் அவர் அட்டெண்டர் என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ற ரேட் பேசுங்கள், ஊசி போடும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். அட்டெண்டர் என்றால் என்ன பயிற்சி, எங்கே என்று கேளுங்கள். மேற்பார்வைக்கு யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? ஆள் வராத நாளில் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள்? நடுவில் நிறுத்தினால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும்? கொடுக்கிற பணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது. பின்னால் தகராறு வந்தால் இந்தக் காகிதம்தான் பேசும். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவையில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவை என்றால் அங்கே கட்டணமே கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் கேட்டுப் பாருங்கள்.

‘போலீஸ் வெரிஃபிகேஷன் ஆயிடுச்சு ஸார்’ என்று எல்லா ஏஜென்ஸியும் சொல்லும். காப்பி கேளுங்கள். இல்லையென்றால் தமிழ்நாடு போலீஸின் இணையதளத்தில் வீட்டு வேலையாட்களைப் பற்றி விசாரித்துத் தரும் வசதி இருக்கிறது. கட்டணம் கட்டி நீங்களே விண்ணப்பிக்கலாம். இதை அந்தப் பெண்ணிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முதல் நாளே நகை, ஏ.டி.எம். கார்டு, பின் நம்பர் எல்லாவற்றையும் அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவது உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் நல்லது. மூக்குத்தி காணாமல் போய், அவர்மேல் சந்தேகம் விழுந்து, பிறகு அது பீரோ இடுக்கில் கிடைத்த வீடுகள் எத்தனையோ!

நாற்பது பக்க நோட்டு ஒன்று படுக்கை அருகே இருக்கட்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு ஆகாரம், என்ன மாத்திரை, எந்தப் பக்கம் புரட்டினார், சிறுநீர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் டிக் போட ஒரு அட்டவணை. டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டு தங்கம். சிலர் நேராக கேமரா மாட்டிவிடுகிறார்கள். ஹாலில் சரி. ஆனால் பெரியவரை உடை மாற்றிக் குளிப்பாட்டும் இடத்திலும், அந்தப் பெண் தூங்கும் இடத்திலும் கேமரா வைப்பது அசிங்கம். அந்த வயதிலும் மானம் உண்டு இல்லையா?

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில. மேல் கையில் விரல் பதிந்த கன்றல்கள். காரணமில்லாமல் பகல் முழுக்கத் தூக்கம். தூக்க மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு, மாத்திரைப் பட்டையை எண்ணிப் பாருங்கள். அந்த ஆள் உள்ளே வந்தாலே பெரியவர் முகம் மாறுவது. பேச முடியாதவர்கள்கூடக் கண்ணால் சொல்லிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் 14567 என்ற முதியோர் ஹெல்ப்லைன் இருக்கிறது, இலவச அழைப்பு. அடி, காயம் என்றால் தாமதிக்காமல் போலீஸ்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இருபத்து நாலு மணி நேர டியூட்டி என்கிறோமே, அந்தப் பெண் எப்போது தூங்குவார்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்கிறோம். பகலில் துணி துவை, பாத்திரம் தேய், பேரனுக்கு தோசை வார்த்துக் கொடு என்றும் சேர்த்துக்கொள்கிறோம். ஒரு வாரம் சரியாகத் தூங்காதவர் கையில் இன்சுலின் ஊசி இருந்தால் தப்பு நடக்காமல் இருக்குமா? நாம் கொடுக்கும் தொகையில் ஏஜென்ஸி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அவரிடம் கொடுக்கிறது. எவ்வளவு கைக்கு வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். சில வீடுகளில் பதில் அதிர்ச்சியாக இருக்கும். வாரம் ஒரு நாள் லீவு, பகலில் நாலு மணி நேரம் தடையில்லாத தூக்கம், நாம் சாப்பிடும் அதே சாப்பாடு, கதவு சாத்திக்கொள்ளும் ஒரு இடம். இதெல்லாம் தர்மத்துக்காக அல்ல, உங்கள் அப்பாவின் பாதுகாப்புக்காக. அந்தப் பெண்களுக்குச் சில வீடுகளில் நடக்கும் தொல்லைகளைப் பற்றி நாம் வெளியில் பேசுவதில்லை. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் வீடும் ஒரு பணியிடம்தான். மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவில் அவர் புகார் கொடுக்க முடியும். நாளைக்கே ஏஜென்ஸிகளுக்குச் சட்டம் வந்தால் அதில் நோயாளிக்கு ஒரு பக்கம் என்றால், இவர்களுக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

நிஜ நர்ஸை அடிக்கடி வரவழைக்க வசதியில்லை என்கிறவர்கள் அரசாங்கத்தின் கதவைத் தட்டிப் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதோடு நிற்பதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டிலேயே தருகிறார்கள். மிடில் கிளாஸ் குடும்பங்களில் ‘அதெல்லாம் நமக்கு இல்லை’ என்று ஒரு கூச்சம். நமக்கும்தான்! பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, நகர்ப்புறமென்றால் நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸையும் அந்த நாற்பது பக்க நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.